முப்பத்தேழு

கடலூர் ஓ.டி., ஐஸ் பிளாண்ட் ஆபீஸ்.
இரவு பதினொன்றரை.
நீலப்பட்டை முப்பத்தேழு சதவீதத்தில் நின்றுவிட்டது.
அம்புக்குறியும் அசையவில்லை.
பவர் பட்டனைப் பத்து விநாடி
அழுத்திப் பிடித்தேன். செத்தது.

பென் டிரைவை மாற்றினேன்.
வலது துளையை விட்டு இடது துளையில் செருகினேன்.
பயாஸில் நுழைந்து புரியாத ஒன்றை அணைத்து
பயந்து மறுபடி போட்டேன்.
இம்முறை பன்னிரண்டு.
அடுத்து அறுபத்தொன்று.

சந்தோஷமாக இருந்தது.
ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால் டிஸ்க் போச்சு.
இடம் மாறி மாறி விழுந்தால்
வேறு ஏதோ.

"தண்ணி கட்டியாவ பதினெட்டு மணி நேரம் ஆவுது,
ஒம் பொட்டி ஒடனே ஒறஞ்சிடுதே"
என்றார் கம்ப்ரஸர் பார்க்கும் தெய்வசிகாமணி,
கொஞ்சம் பொறாமையாக.

பின்மூடியில் பத்துத் திருகு.
ஒன்று மேசைக்கடியில் ஓடிவிட்டது, போகட்டும்.
இரண்டு ராமில் ஒன்றின் பொன்பற்களில்
பச்சை பூத்திருந்தது:
துறைமுகக் காற்று, மூன்று வருட உப்பு.
பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
அதைத் தனியாகப் போட்டால் ஏழு.
மற்றதைத் தனியாகப் போட்டால்
முப்பத்தாறு, முப்பத்தேழு,
முப்பத்தேழு,
முப்பத்தெட்டு.

நூறு வந்தபோது மணி மூன்றேமுக்கால்.
எந்த ஊர் என்று கேட்டது.
பட்டியலில் கடலூர் இல்லை,
கொல்கத்தா என்று ஒத்துக்கொண்டேன்.

வெளியே முதல் விசைப்படகின் ஹாரன்.
நூற்றிருபது பார். கடன்.
பாதி நினைவில் மெல்ல எழுதிக்கொள்கிறது.
எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன்,
காலில் குத்தியது
அந்தத் திருகு.