நூற்றுக்கு மூன்று

போஜராஜன் மறுபடி வந்திருக்கிறார்.
கட்டபெட்டுத் தொழிற்சாலையில் தேநீர் ருசி பார்ப்பவர்.
நாளுக்கு எண்பது கோப்பை
உறிஞ்சிச் சுழற்றித் துப்புகிற வாய்.
"வலது பக்கம் பட்டா சுரீர்ங்குது டாக்டர்.
நேத்து ஒரு நல்ல டஸ்ட்டுக்கு
மார்க்கைக் குறைச்சுப் போட்டுட்டேன்."

கீழ்க் கடைவாய்ப் பல். மார்ச்சில் நான் அடைத்தது.
கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால்
அடைப்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று,
மயிரிழையைவிட மெலிது.
என் கையெழுத்து.

அன்றைக்குக் கோத்தகிரி பஸ் நிலையம்வரை
மேகம் இறங்கியிருந்தது.
கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.
மூன்றாம் முறை போவதற்குள் முடிக்க வேண்டுமென்று
நாலு மில்லிமீட்டர் ஆழத்தையும்
ஒரே உருண்டையில் அடைத்தேன்,
அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சோறு திணிப்பதுபோல.
நீல விளக்கு. இருபது நொடி.
மேலே தட்டிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி ஒலித்தது.
அடியில் என்ன ஆனதென்று
பல்லுக்குத்தான் தெரியும்.

இந்தப் பசை இறுகும்போது சுருங்கும்.
நூற்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.
ஆனால் நான் தோண்டிய குழி ஒரு பெட்டி.
நாலு சுவரும் தரையும் பிடித்து இழுக்க
திறப்பு ஒன்றே ஒன்று,
அதையும் முதலில் இறுக்கியது என் விளக்கு.
பிறகு அது எங்கே போகும்?
சுவரை இழுக்கும்.
சுவர் அசையாவிட்டால் தரையைக் கைவிடும்.
முன்பல் விளிம்பு உடைந்து வருகிறவர்களுக்கு
இந்தத் தொல்லை குறைவு.
அங்கே ஒரு பக்கம்தான் பல், மற்றதெல்லாம் காற்று.

இன்று நிதானம்.
ரப்பர் திரை கட்டியதும் அவர் பேச்சு நின்றது.
பழையதைக் குடைந்தெடுத்து
மூலைகளை மழுக்கினேன்.
பெட்டி கிண்ணமானது.
களிம்பு, கழுவல், பிசின், ஊதல்.
முதல் அடுக்கு ஒரு மிளகளவு,
தரையையும் நாக்குப் பக்கச் சுவரையும் மட்டும் தொட்டு.
விளக்கின் நுனியைச் சாய்க்கக் கூடாது.
அரை விரலகலம் விலகினாலே
பாதி வெளிச்சம் வழியில் தீர்ந்துவிடும்.

இருபது நொடியில் என்ன யோசிக்க முடியும்?
வாங்க மறந்த பீன்ஸ்.
மார்ச்சில் இவரிடம் வாங்கிய எண்ணூறு ரூபாய்.

இரண்டாம் அடுக்கு, கன்னப் பக்கம்.
எதிரெதிர்ச் சுவர்களை ஒரே துளி பிடித்தால்
அங்கேதான் கிழியும்.
மெதுவாக ஏறும் வெளிச்சத்துக்கென்று
ஒரு பொத்தான் உண்டு இந்த விளக்கில்.
இரண்டு வருடத்தில் இன்றுதான் அழுத்தினேன்.

பாதியில் கரண்ட் போனது.
கீழே பேக்கரியில் யாரோ "அடச்சீ" என்றார்கள்.
தலைக்கு மேல் விளக்கு அணைந்து
அறையில் என் கையிலிருந்த நீலம் மட்டும்.
அவர் பற்கள் நீலம், ஜன்னலில் ஒட்டியிருந்த மேகம் நீலம்.
அது பாட்டுக்கு எரிந்து முடித்து
பீப் என்றது.
பேட்டரியில் ஓடுவது.
மார்ச்சிலும் பேட்டரியில்தான் ஓடியது.

திரையை அவிழ்த்ததும் சொன்னேன்,
"போன தடவை தப்பு என்னுது. காசு வேண்டாம்."
வாயைத் துடைத்தபடி யோசித்தார்.
"எங்ககிட்டயும் உண்டு.
இலை சரியா வாடறதுக்கு முன்னாடியே
ரோலர்ல போட்டுடுவாங்க.
மூட்டை கட்டினப்புறம் யாருக்கும் தெரியாது.
கோப்பைல தெரியும்."

கீழேயிருந்து டீ வரவழைத்தார்.
ஒரு வாய் உறிஞ்சி, வலது பக்கமாகவே தள்ளி,
கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.
பீங்கான் தொட்டியில் துப்பினார்.

நான் காத்திருந்தேன்.

"மரத்துப் போயிருக்கு டாக்டர்,
ஒண்ணும் தெரியல.
நாளைக்குச் சொல்றேன்."