ஆவணி ஒழுக்கு

மழை பெய்து நூற்றுப் பதினொரு நாள்.
இரணைமடுவில் தண்ணீர் பின்வாங்கி
அலைகரையில் மாடு மேய்கிறது.
கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால்
சுகந்தமலரின் அலங்கார நிலையம்
ஒழுகுகிறதாம்.

"பகிடி விடாதேங்கோ" என்றேன் தொலைபேசியில்.
"பகிடியோ? பொம்பிளையின்ர நெத்தியில விழுந்தது.
ஒரே ஒரு சொட்டு.
மை கரைஞ்சு மூக்குவரைக்கும் வந்திட்டுது.
பத்தேகாலுக்கு முகூர்த்தம்."

ஏணி வைத்து ஏறினேன்.
தட்டுச் சூட்டில் செருப்பு இளகி ஒட்டியது.
இரண்டு ஏசிப் பெட்டிகள்
எல்லை வழக்குக்காரர் மாதிரி
முதுகு காட்டி நின்று
வெக்கையைத் துப்பிக்கொண்டிருந்தன.
நிற்பாட்டச் சொன்னேன்.
இரும்புக் கால் எட்டு,
காலுக்கு இரண்டு ஆணி.
நல்லாயிருந்த கொங்கிறீட்டில்
பதினாறு துளை.

பூட்டிய பெடியன்
பற்பசை போலச் சிலிக்கனைப் பிதுக்கிவிட்டிருந்தான்.
வெயில் அதைக் காயவைத்து
நகம் பட்டால் உரிகிற
புண் பொருக்காக்கி வைத்திருந்தது.

தண்ணீர் விழுகிற இடம் வேறு,
நுழைகிற இடம் வேறு.
மேலே எங்கோ புகுந்து
கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்,
அலுத்த இடத்தில் இறங்கும்.
சொட்டு விழுந்ததற்கு நேர் மேலே
சுகந்தமலர் மூன்று தரம் தார் பூசியிருந்தா.
ஒரு குற்றமும் செய்யாத இடம்
கறுத்துப்போய்க் கிடந்தது.

வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலத்தை
வாளியில் கரைத்து
ஒவ்வொரு காலாக ஊற்றினேன்.
கீழே உதவிக்கு நிற்கிற கோபிதா
கதிரையில் ஏறி, அண்ணாந்து.
முதலாம் கால். "இல்லை."
இரண்டு. "இல்லை."
ஐந்தில் தேத்தண்ணி வந்தது.
ஆறாம் காலுக்கு ஊற்றிப்
பன்னிரண்டு நிமிடம் போக
"நீலம்! நீலம்!" என்று கத்தினாள்.
பவுடர் மேசைக்கு மேலே,
துளையிலிருந்து ஒன்பது அடி தள்ளி.

சரி, வாசல் தெரிந்தது.
வந்த ஆள் யார்?
மழையில்லை, தாங்கி உடையவில்லை.
ஏசியைப் போடச் சொல்லிவிட்டுத்
தாங்கியின் நிழலில் குந்தியிருந்தேன்.
அரை மணித்தியாலத்தில்
செப்புக் குழாய் வியர்க்கத் தொடங்கியது.
சுற்றியிருந்த கறுப்புப் பஞ்சுறையை
வெயில் பாதி தின்ன, அணில் மீதி.
குளிர்ந்த குழாய் காற்றைக் கறந்து
ஆறாம் காலடிப் பள்ளத்தில் வடித்தது.
கோப்பைத் தட்டளவு குளம்.
ஒரு தவிட்டுக்குருவி வந்து
என்னைப் பார்த்தது,
பிறகு குடித்தது.

முகாமில் எங்களுக்குத் துணிக் கூடாரம்.
மழையென்றால் அம்மா சொல்வது ஒன்றுதான்:
"தொடாதை."
விரல் பட்ட இடத்தால் இறங்கும்.
ஒரு மாரி முழுக்கக்
கைகளைத் தொடைக்குள் வைத்துப் படுத்தேன்.
இந்தத் தொழிலில்
தொடாமல் ஒன்றும் செய்ய ஏலாது.

ஆணிகளைக் கழற்றினேன்.
துளைகளைக் குடைந்து, ஊதி, அடைத்தேன்.
கட்டைகள் வார்த்து
நனைசாக்குப் போட்டு நாலு நாள் பொறுத்தேன்.
அடியில் றப்பர் பாய்.
பெட்டிகளைத் துளையில்லாமல்
தங்கள் பாரத்திலேயே இருத்தினேன்.
குழாய் இறங்கும் வாயைச் சுற்றி
ஒரு சாண் கட்டு, மேலே தகரத் தொப்பி.
குழாயை நேரே உள்ளே விடவில்லை.
முதலில் தொய்யவிட்டுப் பிறகு ஏற்றினேன்.
அதன் வழியே ஓடிவருகிற தண்ணீர்
வளைவின் அடியில் நின்று யோசித்து
வெளியிலேயே விழுந்துவிடும்.
விழுகிற இடத்தில் ஒரு மண்சட்டி வைத்தேன்.
அதற்குக் கணக்கில் காசு போடவில்லை.

சுகந்தமலர் காசை எண்ணித் தந்தா.
"ஐப்பசி பிறக்கட்டும், முதல் மழையோட
வந்து ஒருக்காப் பாக்கிறன்" என்றேன்.
"வாங்கோ, வாங்கோ.
நாளைக்கு டிஷ் பூட்ட ஒரு தம்பி வாறார்.
எங்க பூட்டலாம்?
துளைக்கிற மெசின் அவரிட்டையே இருக்காம்."

இறக்கி வைத்த ஏணியைத்
திரும்பவும் சாத்தினேன்.