மேசைக்குக் கால்

இரண்டு ராத்திரி என்றுதான் சொல்லியிருந்தேன்.
மழை பெய்தது, வயல் சேறானது,
சர்க்கரைக் கிழங்கு அறுவடை நின்றது, மறுபடி தொடங்கியது.
எண்ணிப் பார்த்தால் இன்றோடு இருபத்தாறு.
விருந்துக்கும் மருந்துக்கும் மூன்றே நாள் என்பார்கள்.
என் வீட்டுச் சாவி கோரீனிடம் இருக்கிறது.
அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

பகலில் அது மேசை.
தங்கை மார்வாவும் அவள் கணவன் டெல்மரும்
எதிரெதிரே, முட்டியோடு முட்டி இடிக்கச் சாப்பிடுவார்கள்.
இரவு ஒன்பதுக்கு அது கட்டில்.
பலகையைத் தூக்கி,
அலுமினியக் குழாய்க்கால் இரண்டையும் திருகிப் பிடுங்கி,
இருக்கைகளுக்கு நடுவே பலகையை இறக்கி
மெத்தைகளைப் பரப்பினால்
ஐந்தடி எட்டு அங்குலம்.
நான் ஆறடி ஒன்று.
மிச்சத்தை மடக்கிக்கொள்வேன்.

தினம் பிடுங்கி, தினம் நட்டு
குழாயின் வாய் தேய்ந்துவிட்டது.
சூப் கிண்ணம் தானாக நகரும்.
டெல்மர் உப்பை எடுத்தால் மார்வாவின் காபி தளும்பும்.
“யார் ஆட்டுறது?” என்றான் ஒருநாள்,
என்னைப் பார்க்காமல்.

சனிக்கிழமை ஓர் அட்டைப்பெட்டி வந்தது.
“இதிலெல்லாம் நீதான் கெட்டிக்காரன்” என்று
ஸ்க்ரூடிரைவரை என் கையில் வைத்தாள் மார்வா.
பிரித்தேன்.
நான்கு இரும்புக்கால்கள்.
தரையைத் துளைத்து அடியில் நட்டுப் போட வேண்டும்.
முறுக்கினால் முறுக்கியதுதான்,
ராத்திரிக்கு இறங்காது.

செய்முறைத் தாளை வெகுநேரம் படித்தேன்.
அதில் படம் மட்டும்தான் இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே டெல்மர்
காற்று இறங்காத டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

பழைய ஸ்க்ரூ ஆறில் நான்கு
கடிக்காமல் சும்மா சுற்றின.
மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, வேறென்ன செய்யும்?
ஓட்டைகளில் பல்குச்சியைப் பசையில் தோய்த்துச் செருகி,
காய்ந்ததும் கத்தியால் சீவினேன்.
ஒரு கால் மட்டும் கால் அங்குலம் குட்டை.
காலில் குற்றமில்லை, தரை சாய்ந்திருக்கிறது.
வாஷர் இரண்டு கொடுத்தேன்.

பிறகு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
வடக்கு டகோட்டாவின் அக்டோபர் மண்
சட்டையைத் தாண்டி முதுகுக்கு வந்தது.
மேலே மார்வா போல்ட்டைப் பிடித்திருந்தாள்.
நடுவில் தரை.

“இறுகிடுச்சா?”
“இன்னும் அரைச்சுற்று இருக்கு.”
கொஞ்சம் பொறுத்து,
“வேணும்னா அதோட விட்டுடேன்” என்றாள்.
தரைக்கு மேலே அவள் முகம் எப்படி இருந்ததோ.
“அரைகுறையா விட்டா ஆடும்” என்றேன்.
முறுக்கினேன்.

பழைய கால்கள் நின்ற இடத்தில்
வட்டமாய் இரண்டு ஓட்டை, வழியே குளிர்காற்று.
ஊறுகாய் ஜாடியின் மூடிகளை வைத்து அறைந்தேன்.
அளவெடுத்தது போல் பொருந்தின.

மார்வா காபியை விளிம்புவரை ஊற்றினாள்.
டெல்மர் முழங்கையை ஊன்றிப் பார்த்தான்,
உள்ளங்கையால் ஓங்கித் தட்டியும் பார்த்தான்.
ஒரு சொட்டு சிந்தவில்லை.
“பாறை மாதிரி இருக்குப்பா” என்றான்.
இத்தனை நாளில் அன்றுதான் என்னை நேராகப் பார்த்தான்.
சீட்டு ஆடினோம். நான் ஜெயித்தேன்.
ஒன்பது மணியைப் பற்றி யாரும் பேசவில்லை.
என் போர்வை சதுரமாய் மடிந்து கதவோரம் இருந்தது.
காலையிலிருந்தே அங்கேதான் இருந்ததென்று
அப்போதுதான் உறைத்தது.

பழைய கால்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
“எதுக்கு?” என்றாள்.
“எதுக்காவது ஆகும்.”

இந்தச் சமவெளியில் சாலைகளுக்கு வளைவே இல்லை.
இரண்டு பக்கமும் தோண்டி முடித்த வயல்,
குன்று குன்றாய்க் கிழங்கு, விளக்கு, லாரி.
பதினெட்டு மைலும்
பின்னால் குழாய்கள் சத்தமில்லாமல் கிடந்தன.
ரயில் தண்டவாளத்தில் வண்டி ஏறி இறங்கியபோதுதான்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன,
சாப்பிட உட்கார்ந்த இருவரின் முட்டிகள் போல.