எட்டாவது பீன்ஸ்

மிசிசாகாவில் இரவு வேலை.
வெளியே மைனஸ் பத்தொன்பது, உள்ளே நாலு பாகை.
"கோடைகாலம் வந்திட்டுது" என்பாள் மரிசெல்
கையுறையை இழுத்து மாட்டியபடி.

தட்டுக்குச் சோறு நூற்றுப்பத்து கிராம்.
பீன்ஸ் ஏழு.
எட்டாவது விழுந்தால்
சுப்பர்வைசர் பொறுக்கி எடுத்துவிடுவார்.
ஃபிராங்க்ஃபர்ட், தோஹா, டெல்லி எல்லாம்
எனக்கு வெறும் ஸ்டிக்கர்கள்.

ஆறு வருஷம் கழித்து
மச்சாளின் கலியாணத்துக்கு நானும் பறந்தேன்.
எந்த ஃபிளைட் என்று
மரிசெல் இரண்டு தரம் கேட்டிருந்தாள்.

முகிலுக்கு மேலே தட்டு வந்தது.
அலுமினியத் தாளை உரித்தேன்.
பசிக்கு முதல் எண்ணிக்கைதான் வந்தது:
எட்டு.

பக்கத்துக்காரர் முள்ளுக்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்.
எட்டிப் பார்த்தேன். அங்கேயும் எட்டு.

முழு விமானத்துக்குமா, மரிசெல்?