பற்று

கல்லலுக்கு மேற்கே சேவுகனின் கடலைக் கொல்லையில்
இரண்டு எஃகு வளையம் அடித்து இறக்கினேன்.
மேலே சரளை, கீழே செம்புறை,
நடுவில் ஒரு சாண் மட்டும் வேருக்கு.

மண் நீரைப் பிடித்துவைப்பதற்கு
ஒரு சமன்பாடு உண்டு.
நாலைந்து எழுத்து, ஓர் அடுக்குக்குறி.
ஆல்ஃபாவைத் திருகினால் வளைகோடு முன்னதாகவே தோள் குனியும்.
என்-ஐக் கூட்டினால் செங்குத்தாய் விழும்.
மணலுக்கு விழும். களிமண் கை விடாது.
இந்த மண் இரண்டும் இல்லை,
கேட்டால் கொடுக்கும், சில்லறையாக.

பதினொரு புள்ளிகள் கோட்டின்மேல் உட்கார்ந்தன,
தேவகோட்டை பஸ்ஸில் இடம் பிடித்த மாதிரி.
பன்னிரண்டாவது நின்றுகொண்டே வந்தது.

முப்பது கிலோபாஸ்கல் இழுவிசையில்
பதினெட்டு விழுக்காடு இருக்க வேண்டும்.
பதினாலுதான்.
பீங்கான் முனையில் காற்றுக்குமிழ் என்றேன்.
லூர்து கழற்றி, கழுவி, மறுபடி நட்டார்.
பதினாலு.
அந்தப் புள்ளியை அழித்தேன்.
பொருத்தம் புள்ளி ஒன்பது ஒன்பது.
ஒரு வாரம் அழகாக இருந்தது.

பிறகுதான் தேதியைப் பார்த்தேன். ஆடி மூன்று.
சேவுகனுக்குப் போன் போட்டேன்.
"அன்னிக்கு விடியக்காலம் தூத்தல்.
மண்ணு மூஞ்சி கழுவுன அளவு."

மற்ற பதினொன்றும் காய்ந்து இறங்கி வந்தவை.
இது மட்டும் நனைந்து ஏறி வந்தது.
வாய் குறுகிய துளைகள்
காலியாகவும் தயங்கும், நிறையவும் தயங்கும்.
ஒரே இழுவிசை, இரண்டு இருப்பு.
எந்தப் பக்கமிருந்து வருகிறாய் என்று
என் சமன்பாடு கேட்கவே இல்லை.

காரைக்குடிப் பேரேட்டில் பற்று என்றால்
ஒருவர் வாங்கிப் போனது.
மண்ணில் பற்று என்றால்
விடாமல் ஒட்டியிருப்பது.
நான் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தேன்.

ஆயிரத்து ஐந்நூறு கிலோபாஸ்கலில் கடலைச்செடி தலை தொங்கும்.
அப்போதும் மண்ணில் எட்டு விழுக்காடு நீர் என்று
வரைபடத்தைக் காட்டினேன்.
சேவுகன் உற்றுப் பார்த்தார்.
"இருக்குங்கிறீங்க.
செடிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

அழித்த புள்ளியைத் திரும்ப வைத்தேன்.
பொருத்தம் கெட்டது.

இன்று அடுப்பு நூற்றைந்து பாகை,
நேற்றுப் பகல் மூன்று மணியிலிருந்து.
எவ்வளவு வைத்திருந்தது என்று தெரிய
அத்தனையையும் பிடுங்கித்தான் ஆகவேண்டும்.
வெந்த மண்ணை ஆறவைத்துத் தராசில் வைக்கிறேன்.
எண் நிலைக்கவில்லை.
கடைசி இலக்கம் ஏறுகிறது, நிற்கிறது, ஏறுகிறது.
ஜன்னல் திறந்திருக்கிறது.
அறைக் காற்றிலிருந்து
எடுத்துக்கொண்டிருக்கிறது.