ரிப்பன் வெட்ட வந்தவன்

வண்ணார்பேட்டை பைபாஸில்
செல்போன் கடை திறப்பு.
காருக்குள் ஏசி. வெளியே,
"ஏல தார் டப்பா, கண்ணாடிய எறக்கு!"
இறக்கினான். பல்லைக் காட்டினான்.
பல்லுக்குத்தான் சம்பளம் என்று
சேனல்காரரே சொல்லியிருக்கிறார்.

சென்னையில் மேக்கப் போடுகிற ஜான்சி
சனிக்கிழமைதோறும் தயங்கித்தான் சொல்வாள்:
"இன்னும் ரெண்டு ஷேடு கூட்டணுமாம் சார்,
லைட்டுல சிவப்பாத் தெரியுறீங்களாம்."
கூட்டுவாள்.
காதுமடலை மட்டும் தொடாமல் விட்டுவிடுவாள்.
ஏனென்று அவன் கேட்டதில்லை.

கத்தரிக்கோல் மழுங்கல்.
மூன்றாம் வெட்டில்தான் ரிப்பன் அறுந்தது.
அதற்கும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் நசுங்கி வந்த பையன்,
ஏழாம் வகுப்பு இருக்கும்,
அவன் நிறமேதான்,
கணக்கு நோட்டை நீட்டினான்.
"பேரு என்னல?"
"தார் டப்பா.
எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தாண்ணே கூப்பிடுதாங்க,
ஒங்களாலதான்."
கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
இந்த இடத்துக்கென்று ஒரு ஜோக் உண்டு,
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
பின்னக் கணக்குக்கு மேலே, காலி இடத்தில்,
சொரிமுத்து என்று எழுதினான்.
எழுதிப் பழக்கம் விட்டுப்போய்
'ரி' கோணிக்கொண்டது.

பையன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது யாருண்ணே?"