இடது கை

வில்லியனூர் ஆஸ்பத்திரியில்
இடது கையில் நூற்றெழுபது.
வலது கையில் நூற்றிருபத்திரண்டு.
மெஷினை மாற்றிப் பார்த்தார்கள்.
அதே கணக்கு.

குழாயில் அடைப்பிருக்கலாம் என்று
ஜிப்மருக்குச் சீட்டு.
இரண்டு பஸ், ஒரு நாள் கூலி,
தோள்வரை குளிர்ந்த களிம்பு.
"ரொம்ப நல்ல குழாய்மா"
என்றான் ஸ்கேன் பையன்,
வீட்டுக்கு வாங்கிப் போட்ட மாதிரி.

பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க அடிக்க
முழங்கைக்கு மேலே நாலு விரல்,
உள்பக்கம் ஒரு கட்டைவிரல்.
அச்சு மாறாமல் அதே இடம்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
காற்று இறங்கும் அந்த உஸ்
அவன் ஓங்குவதற்கு முன் விடுகிற மூச்சு.

இதை அந்தப் பையனிடம் எப்படிச் சொல்ல?

திருக்காஞ்சி ஆற்றங்கரையில் அவனை எரித்து
ஒன்பது வருஷம்.
பிள்ளைகளிடம் நல்லதாகவே சொல்லி வைத்திருக்கிறேன்.
முகம்கூடச் சட்டென்று வராது எனக்கு.
கைக்குத்தான் யாரும்
சாவு சொல்லவில்லை போல.

போன மாதம் பெலிசித்தா சிஸ்டர்
மெஷினை ஓரமாக வைத்துவிட்டு
பழைய பாதரசப் பெட்டியைத் திறந்தார்.
பட்டையை என்னையே கட்டச் சொன்னார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ரப்பர் உருண்டையை வலது உள்ளங்கையில் வைத்து
"நீயே அடி, அஞ்சலாட்சி" என்றார்.

அந்தச் சொல்லுக்கே தோள் தூக்கிப் போட்டது.
பிறகு அடித்தேன்.
திருகையும் நானே தளர்த்தினேன்,
கொஞ்சம் கொஞ்சமாக.
ஸ்டெத்தை என் காதில் மாட்டினார்.
உள்ளே டொக், டொக்.
யாரது என்று கேட்க வாயெடுத்தேன்.

நூற்றைம்பத்தாறு.
இன்னும் குறையணும் என்று அட்டையில் எழுதினார்.
மாத்திரை எழுதவில்லை.